ஆமை பிறந்த வீடு

அக்காவை உறுதி செய்ய மலாக்கா டவுனிலிருந்து ஆட்கள் வந்த தேதி எங்கள் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. தேதி தெரியாமல் எனக்கு எதையும் எழுத வராது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் எங்களை முள்வேலிக்குள் குடியமர்த்தியாகிவிட்டது. ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் காட்டிலிருப்பவர்களுக்கென்று ஒரு கவளம் சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாதபடி கேட்டில் சோதனையும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஐம்பத்திரண்டாம் ஆண்டு. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. இதற்கு மேல் நெருங்க முடியவில்லை.

எங்கள் தோட்டம் லூபோக் சீனாவுக்குப் பக்கம். வேலிக்குள் அவசரமாகக் கட்டிய லயத்து வரிசை வீடுகளின் வாசலெல்லாம் மழை வந்தால் சேறாகிவிடும். அதை நிரப்புவதற்காக மாமா, அம்மாவின் தம்பி, பெங்காலான் பாலாக் கடற்கரையிலிருந்து லாரியில் மணல் ஏற்றி வந்து எங்கள் வாசலில் கொட்டியிருந்தார். மணலோடு வேறு எதை ஏற்றி வந்தார் என்று அவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை இரவு நல்ல மழை. விடிந்து பார்த்தால், மணலோடு வந்த முட்டைகள் பொரிந்து, மணல்மேட்டிலிருந்து வேலிவரை சின்னச் சின்ன ஆமைக்குஞ்சுகள். கறுத்த சாம்பல் நிறம். அம்மாவின் உள்ளங்கையில் இரண்டு அடங்கும். வேலி நெடுக எரிந்துகொண்டிருந்த விளக்குகளைக் கடல்மேல் வெளிச்சம் என்று நம்பி, முள்கம்பியின் கீழே தலையை முட்டிக்கொண்டு கிடந்தன. பிற்காலத்தில் புத்தகப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவை பங்குனி ஆமைகள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தக் கரைக்கு அழுங்காமைதான் அதிகம் வரும் என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வேலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்றைய விசேஷத்துக்காக அம்மா விடியலிலேயே குத்துவிளக்கு ஏற்றிவிட்டிருந்தார். அந்தச் சுடரைப் பார்த்து நாலைந்து குஞ்சுகள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆமை நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பதில் எங்கள் லயத்தில் இரண்டு கருத்து கிடையாது. உறுதி செய்ய வருகிறவர்கள் காதில் விழுந்தால் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

அப்பா மண்வெட்டியைத் தேடினார். குழி வெட்டி மூடிவிட்டால் எவருக்கும் தெரியாது என்பது அவர் யோசனை.

“பெருமாளையா பொதைக்கப் போறீங்க?” என்றார் அம்மா.

அதற்கு மேல் அப்பாவால் மண்வெட்டியைத் தொட முடியவில்லை. அம்மா ரப்பர்ப்பால் வாளிகளைக் கழுவி எடுத்துவந்தார். அடியில் ஈரமணல் பரப்பி, கோழிகளை விரட்டிக்கொண்டே எல்லாரும் பொறுக்கினோம். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்து கடைசிக் குஞ்சையும் எடுத்தாள். அக்காவோடு எல்லாரும் ஏறிக்கொள்ள, மாமா லாரியைக் கிளப்பினார்.

கேட்டில் நின்ற காவலர் வயதான மலாய்க்காரர். பெரியவர் என்ற மரியாதையில் எல்லாரும் பாக் சீக் என்றுதான் கூப்பிடுவோம். வாளியைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தார். சாப்பிடுகிற பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது. ஆமை முட்டை சாப்பிடுகிற பொருள்தான்.

“இது மக்கானான் இல்ல, பாக் சீக்,” என்றார் அம்மா. “அனாக். பிள்ளைங்க. வீட்டுக்குப் போவணும்.”

அவர் குனிந்து பார்த்தார். முட்டை என்றால் பிடுங்கியிருப்பேன் என்றும், தன் கம்பத்துக் கிராமத்தில் ஆமையை எவரும் தின்பதில்லை என்றும் சொன்னார். தண்ணீரில் கொட்டாமல் மேட்டில் விட்டு நடக்க வையுங்கள், அப்போதுதான் கரையை மறக்காது என்று புத்தியும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இறங்கியவர் நேராக வாளிக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஆமையா? வீட்டுக்குள்ள வந்திருச்சா?”

“வரலண்ணே,” என்றார் அம்மா. “எங்க வாசல்லயே பொறந்திருக்கு. நுழைஞ்சாத்தான தோஷம், பொறந்ததுக்கு என்ன? பொறந்த வீட்டுலேருந்து அனுப்பி வைக்கிறோம். நீங்களும் அதுக்குத்தான வந்திருக்கீங்க?”

 அவர் சிரித்துவிட்டு, நானும் வர்றேன் என்று மகனோடு லாரியில் ஏறினார். கடற்கரையிலேயே நல்ல நேரம் கழிந்துவிடக் கூடாதே என்று இரு வீட்டு நிச்சயத் தாம்பூலத் தட்டுகளும் ஏறின. வாழைப்பழத்தையும் தேங்காயையும் மட்டும் பாக் சீக் எடுத்து வைத்துக்கொண்டார், சட்டம் சட்டம்தான். வெற்றிலை, மஞ்சள், குங்குமத்தோடு இரண்டு பித்தளைத் தட்டுகள் கடலுக்குப் போயின.

கரையில் இறங்கியதும் கடைக்காரர் அப்பாவிடம், பெண்ணும் அம்மா மாதிரி பேசுமா என்று கேட்டார். அப்பா பெருமையோடு, “வாயே தொறக்காதுங்க,” என்றார். கடைக்காரர் முகம் தொங்கிப்போனது. கடைக்குப் போலீஸ் சோதனை போட வந்தால் பதில் சொல்லத் தன் வீட்டில் ஓர் ஆள் இல்லை என்று முனகினார்.

மாப்பிள்ளை ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அலையருகே சாய்க்கப் போனார்.

“அங்க கொட்டாதீங்க,” என்றாள் அக்கா. “மேல கொண்டு வாங்க. அதுங்களே நடந்து போவட்டும்.”

அப்பா அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையோ மறுபேச்சில்லாமல் வாளியோடு மேலே ஏறி வந்தார். குஞ்சுகள் மணலில் இறங்கின. கொஞ்சம் திகைத்தன, பிறகு எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. இரண்டு வீட்டாரும் இருபுறமும் வரிசையாக நின்று கையை வீசிக் காக்கைகளை விரட்டினோம். கடைசிக் குஞ்சை அலை இரண்டு முறை புரட்டிக் கரையில் தள்ளியது. மூன்றாவது அலையில் அது நீந்திப் போனபோது, கடைக்காரர் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். மாமா லாரி ஹார்னை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை.

அதே சூட்டோடு அப்பா எங்கள் தட்டை நீட்டினார். கடைக்காரர் வாங்கிக்கொண்டார். வாங்கிய உடனே அவரும் ஒரு தட்டை அப்பாவிடம் நீட்டினார்.

அதே பித்தளை, அதே வெற்றிலை, பழம்கூட இல்லை. நாம் கொடுத்ததும் எதிராளி தட்டை நீட்டினால் ஏழு வயதில் எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான்: வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். ஆம்பிளைகள் முன்னால் அக்கா வாயைத் திறந்ததுதான் காரணம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

திரும்பும்போது லாரியில் மாமா பாடினார். அப்பா பலகையில் தாளம் போட்டார். அம்மாவும் அக்காவும் எதற்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்யாணம் நின்றுபோன வீட்டுக்காரர்களுக்கு இப்படியும் சிரிக்க வருமா என்று, நான் ஒருத்தி மட்டும் மூலையில் உட்கார்ந்து வழியெல்லாம் தேம்பிக்கொண்டே வந்தேன்.