லோஞ்சுக்குத் தப்பிய ஸஹாப்தீன் மாஸ்டர்

திருகோணமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயிலை எழுதுவார்கள், கோட்டையை எழுதுவார்கள், துறைமுகத்தின் ஆழத்தை அளந்து எழுதுவார்கள். அந்தத் துறைமுகக் கரையிலேயே பிறந்தும் அலையைக் கண்டால் குமட்டுகிற ஒரு மனிதர் இங்கே வாழ்ந்தார் என்பதை எவரும் எழுதவில்லை. இந்த மாபெரும் குறையை நீக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

அவர் பெயர் ஸஹாப்தீன். வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிப்போன பின் வந்த சில வருசங்களில், நகரக் கடற்கரையோரத்துச் சிறு பள்ளிக்கூடமொன்றில் உதவி ஆசிரியர். ஒருமுறை கல்யாண வீடொன்றுக்காக குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் விசைப்படகான லோஞ்சில் ஏறினார். கயிறு அவிழ்க்கும் முன்பே வாந்தி எடுத்தார். பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணம் எதற்கும் அவர் போனதில்லை.

அந்தப் பள்ளியில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி வீட்டுப் பிள்ளையும் கடைக்கார முதலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். சண்டை பிடிப்பதில் மட்டும் அவர்கள் சாதி சமயம் பார்த்ததே இல்லை. தலைமையாசிரியர் தம்பையாவிடம் இதற்கு மருந்து இருந்தது. அது பிரம்பு. ஸஹாப்தீன் மாஸ்டருக்கோ பிரம்பு விழும் சத்தமே ஆகாது. லோஞ்சின் குணம் அதற்கும் இருந்தது.

ஆகவே தன் வகுப்புக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். சண்டை பிடித்த இருவரும் ஆள் மாறிக் கதைக்க வேண்டும். நீ அவளாக நின்று அவளுடைய நியாயத்தைச் சொல். அவள் நீயாக நின்று உன்னுடையதைச் சொல்லட்டும். "ஓம், அதுதான்" என்று இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும்வரை விளையாட்டு இல்லை. பெரும்பாலான சண்டைகள் பாதியிலேயே சிரிப்பில் செத்துப்போயின.

தம்பையாவுக்கு இது பிடிக்கவில்லை. சாம்பல்தீவில் அவருடைய வேலி வழக்கு நீதிமன்றம் வரை போய் வென்ற வழக்கு. வாய்ப்பேச்சில் தோற்றுப்போனதாக அவரைப் பற்றி ஒரு கதை கிடையாது. "வித்தியாதரிசி வாற நாளில ஒரேயொரு சண்டை நடக்கட்டும் மாஸ்டர், அவரிட்டச் சொல்லி உங்களை மூதூருக்கு மாத்துவிக்கிறன்" என்றார். மூதூருக்கு மாற்றம் என்றால் போகவர லோஞ்சுதான். அன்றிரவு மாஸ்டர் சோறு தொடவில்லை.

வித்தியாதரிசி, அதாவது பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வரும் அதிகாரி, வந்தார். அவருடைய கார் வாசலில் நின்ற அதே கணத்தில் முற்றத்தில் ஸல்ஹாவின் கை தங்கேஸ்வரியின் பின்னலிலும், தங்கேஸ்வரியின் கை ஸல்ஹாவின் பின்னலிலும் இருந்தன. கிளித்தட்டு விளையாட்டு. கோட்டில் நின்ற ஸல்ஹா, தாண்டி ஓடிய தங்கேஸ்வரியைத் தொட்டாளா இல்லையா என்பதே வழக்கு.

மாஸ்டர் ஓடிவந்தார். "மாறிக் கதையுங்கோ!"

தங்கேஸ்வரி ஸல்ஹாவானாள். "நான் தொட்டனான். முதுகில நல்லாத் தொட்டனான்."

ஸல்ஹா தங்கேஸ்வரியானாள். "நீ தொடேல்ல. காத்துத்தான் பட்டது."

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் பாடத்தை அளவுக்கு மிஞ்சிப் படித்துவிட்டார்கள்.

"உண்மையாத்தான்டி சொல்றன், நீ தொட்டனீ. நான்தான் பொய் சொன்னனான்" என்றாள், மறுபடி தானாகிவிட்ட தங்கேஸ்வரி.

"விசரி, நான் எங்க தொட்டனான்? நான்தான் பொய் சொன்னது!" ஸல்ஹாவும் ஸல்ஹாவாகவே கத்தினாள்.

"தொட்டனீ!"

"தொடேல்ல!"

மறுபடியும் பின்னல்கள். பிழை தன்னுடையதே என்று நிறுவுவதற்காக இரு பெண்கள் மயிர்பிடிச் சண்டை போட்டதை உலகம் அதற்கு முன் கண்டிருக்காது.

"பாத்தியளோ சேர்?" தம்பையாவின் முகம் மலர்ந்தது. "பிரம்பில்லாட்டி இதுதான் கதி. இவரை மூதூருக்கு மாத்துங்கோ."

மாஸ்டருக்கு நின்ற இடத்திலேயே தரை ஆடியது.

வித்தியாதரிசி வாய் திறக்குமுன் ஸல்ஹா பின்னலை விட்டாள். "சேர், அப்பிடி ஏலாது. பெரிய சேரும் மாஸ்டரும் மாறிக் கதைக்கோணும். அதுதான் சட்டம்."

"ஓம் சேர், அதுதான் சட்டம்" என்றாள் தங்கேஸ்வரியும். வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். வித்தியாதரிசி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கதையுங்கோ பாப்பம்."

ஸஹாப்தீன் மாஸ்டர் நேர்மையானவர். நேர்மை ஆபத்தான பழக்கம். தம்பையாவாக நின்று, தன்னை ஏன் மாற்ற வேண்டும் என்று அழகாகச் சொன்னார். "ஒவ்வொரு சண்டைக்கும் அரைப் பாடம் போகுது சேர். கணக்கு பின்னுக்கு நிக்குது. தாய் தேப்பன் வந்து வாசலில மறிச்சுக் கேக்கிறது என்னை, அவரை இல்லை."

"ஓம், அதுதான்!" என்றார் தம்பையா மனநிறைவோடு.

இப்போது தம்பையாவின் முறை. வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினார். "நான் ஸஹாப்தீன்... எனக்கு அடிக்க மனம் வராது..."

"இவ்வளவுதானோ?" என்றார் வித்தியாதரிசி. "அப்ப நீங்கள் தோத்திட்டீங்கள்."

தம்பையா நிமிர்ந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டார். "ஆர் தோத்தது? கேளுங்கோ சேர்! தலைமையாசிரியர் அடிச்சு முடிச்ச சண்டை ஒண்டாவது பள்ளிக்கூடத்துக்குள்ளயே முடிஞ்சதோ? மணியடிச்சதும் கடற்கரையில திரும்பத் தொடங்கும். என்ர வகுப்புப் பிள்ளையள் எங்கையாவது கல்லெறிஞ்சு முறைப்பாடு வந்ததோ? இந்தா, இந்த ரெண்டும் பிழையைத் தாங்களே ஏற்கச் சண்டை பிடிக்குதுகள். பிரம்பால இதைப் படிப்பிக்க ஏலுமோ?"

"ஆனால் சேர், பிரம்பு..." என்று தம்பையாவின் பாத்திரத்தில் முனகினார் மாஸ்டர்.

"பிரம்பாம் பிரம்பு! அந்தத் தலைமையாசிரியருக்குப் பிள்ளையளின்ர மனம் விளங்காது சேர்! அவரைத்தான் லோஞ்சில ஏத்தோணும்!"

மாஸ்டர் தலை குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஓம், அதுதான்."

"வெண்டிட்டீங்கள்" என்று வித்தியாதரிசி எழுந்தார். "ஸஹாப்தீன் இஞ்சையே இருக்கட்டும்."

தம்பையா வெற்றிக் களையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாருக்காக வென்றோம் என்பது தேத்தண்ணி பாதி குடித்தபோதுதான் அவருக்கு விளங்கியது. ஆனால் வென்ற வழக்கை யாராவது மேன்முறையீடு செய்வார்களா? அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைத் தன் சட்டம் என்றே வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். மாஸ்டர் மறுத்ததில்லை.

அன்று மாலை வீட்டில் மனைவி சுபைதா, அவருடைய சாரங்களை மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கியிருந்தார். மாஸ்டர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டார்.

"என்ன, மாத்தேல்லையோ?"

"இல்ல. மீன் குழம்பு இருக்கோ?"

இருந்தது. இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.