இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு

1. ரயில்வே கேட்டில் சொன்ன தீர்ப்பு

அந்த அம்பாசிடரின் எஞ்சின் போய்விட்டது என்று முதலில் சொன்னவன் நான்தான். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மன்னார்குடியில் நான் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டு ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் சைக்கிளில் ஸ்டேஷன் பக்கம் போனபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ராமலிங்கம் ஐயாவின் கார் நின்றது. அவர் பக்கத்துக் கிராமத்து மிராசுதார். காரில் அவர் இல்லை, டிரைவர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, ஒரு வாரமாக எஞ்சினில் ஏதோ தட்டுகிறது என்று சொல்லி பானட்டைத் திறந்தார். டொக், டொக் என்று கனமான சத்தம். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு தலையை நீட்டிக் கேட்டேன்.

“ராட் பேரிங் போச்சு. எஞ்சினை இறக்கணும். அப்படியே ஓட்டினா ராட் பிளாக்கைக் குத்திக்கிட்டு வெளிய வந்துடும்” என்றேன்.

பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராட். அதன் பேரிங் தேய்ந்தால் வருகிற சத்தம்தான் பழைய கார் வாங்குகிறவர்கள் மிகவும் பயப்படும் சத்தம். கேட் திறந்தது. நான் போய்விட்டேன். அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட அது என் நினைவில் இல்லை.

என் தொழிலில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அதனால் ராமலிங்கம் ஐயா வேறு யாரிடமும் கேட்கவில்லை. காரை ஷெட்டில் நிறுத்திவிட்டார்.

2. வாங்க வந்தவர்

நாலு மாசம் கழித்து வேலாயுதம் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கூட அவர் மனைவி தையல்நாயகியும் வந்திருந்தார்.

வேலாயுதத்தை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. முன்பு ராமலிங்கம் ஐயாவின் டிராக்டரை ஓட்டியவர். அறுவடைக் கூலிக்காக ஊரே வேலைநிறுத்தம் செய்த வருஷம், அவர் தெரு முனையில் கூலி ஆட்களின் சங்கத்துக் கொடியை நட்டார். அன்று மாலையே ஐயா டிராக்டர் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்த வேலைநிறுத்தம் கலவரமாகி, இரண்டு பக்கத்திலும் ஆட்கள் ஜெயிலுக்குப் போய் வந்தார்கள். வேலாயுதம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய் வேறொருவரிடம் டிராக்டர் ஓட்டினார். பிறகு ஊருக்குத் திரும்பி டாக்ஸிக்கான லைசென்ஸும் பேட்ஜும் எடுத்தார். தையல்நாயகி நடவு ஆட்களைக் கூட்டிச் சேர்த்து வயலுக்கு அழைத்துப்போகிறவர்.

ஐயாவும் இவர்களும் வேறு வேறு தெருவில் இருந்த அந்த ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. பிரசவ வலி எடுத்த பெண்களை மாட்டுவண்டியில் போட்டுத்தான் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். ஐப்பசி மழையில் அதுவும் பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொள்ளும். தையல்நாயகியின் தங்கை அப்படி வழியிலேயே குழந்தையைப் பறிகொடுத்தவள். ஊரில் ஒரு கார் இருக்கவேண்டும் என்பது அந்த அம்மாளின் பல வருஷத்து எண்ணம்.

ராமலிங்கம் ஐயா காரை விற்கப்போகிறார் என்று தரகர் மூலம் தெரிந்திருக்கிறது. எஞ்சின் போய்விட்டது என்பதை அவரே சொல்லி, அதற்குத் தகுந்தபடி மலிவாகத்தான் விலையும் வைத்திருந்தார். வாங்க வருவது வேலாயுதம் என்று தெரிந்ததும், “வர்றவன் வரட்டும், வண்டி கண்ணு முன்னாடிதானே நிக்குது” என்றாராம்.

“எஞ்சினைப் பின்னாடி மாத்திக்கலாம்னு இருக்கங்க. பாடி நல்லாருக்கு. வேற கோளாறு ஏதும் இருக்கான்னு நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லணும் மேஸ்திரி” என்று வேலாயுதம் கேட்டார்.

வருகிறேன் என்றேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

3. ஷெட்டில்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் போவதற்கு முன் எஞ்சினை யாரும் ஸ்டார்ட் செய்திருக்கக்கூடாது. போனதும் முதலில் எக்ஸாஸ்ட் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், வேறொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சினில்தான் எல்லாச் சத்தமும் கேட்கும். சிலர் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வைப்பார்கள். அதற்காகத்தான் ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பது.

ராமலிங்கம் ஐயாவின் எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஆயிலும் சரியான ஆயில்தான். அவர் எதையும் மறைக்கவில்லை. ஷெட்டைத் திறந்துவிடச் சொல்லிவிட்டுச் சாப்பிட உள்ளே போய்விட்டார்.

ஸ்டார்ட் செய்தோம். அதே டொக், டொக். வழக்கப்படி நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பிறகு ஃபேன் பெல்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சத்தம் போகவில்லை, அப்படியானால் டைனமோவோ வாட்டர் பம்போ இல்லை. அடுத்தது பிளக் ஒயர். ஒவ்வொரு சிலிண்டராக ஒயரை எடுத்தால் அதன் ராடு மேல் அழுத்தம் குறையும், ராட் பேரிங் கெட்ட சிலிண்டர் வரும்போது சத்தம் அடங்கவேண்டும். நாலு ஒயரையும் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினேன். எதற்குமே சத்தம் அடங்கவில்லை.

அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். ஆனால் நாலு மாசத்துக்கு முன் நான் சொன்ன வார்த்தை என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டிருந்தது. நாலு ராடும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எஞ்சினை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னேன். கியர் பல்லில் ஏதாவது உடைசல் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. வேலாயுதம் சுற்றினார். தையல்நாயகி மட்கார்டு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் தட்டுதுங்க.”

நான் நிமிரவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். “எண்ணிக்கிட்டே வர்றேன். இருபது சுத்துக்குப் பத்துத் தட்டு.”

வேலாயுதத்தை இன்னும் பத்துச் சுற்று சுற்றச் சொல்லி நானும் எண்ணினேன். ஐந்து தட்டு.

ராட் கிராங்க் ஷாஃப்டோடு ஓடுவது. அது தட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டவேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுற்றுவது கேம் ஷாஃப்ட். கேம் ஷாஃப்ட் தள்ளுவது வால்வுகளை. வால்வுச் சத்தம் மெலிசாக மேலே டிக் டிக் என்று கேட்கும், இது கனமாகக் கீழே கேட்கிறது. கீழே கேம் ஷாஃப்ட் தள்ளுகிற இன்னொரு சாமான் பெட்ரோல் பம்ப்.

பம்பை இரண்டு நட்டுகளைக் கழற்றி வெளியே எடுத்தேன். லீவரைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. பிடிப்பில்லாத லீவர் கேமில் மோதி மோதி வந்த சத்தம்தான் அது. பெட்ரோலைத் தள்ளும் ஸ்பிரிங் வேறு, அது நன்றாக இருந்ததால்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் இருந்த துளைக்கு ஒரு தகரத்தை வைத்து மூடிவிட்டு மறுபடி ஹேண்டிலைச் சுற்றச் சொன்னேன். தட்டே இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ ரயில்வே கேட்டில் நான் சொன்ன தீர்ப்புதான் நினைவுக்கு வந்தது.

4. வாய்க்கால் ஓரம்

இரண்டு பேரையும் ஷெட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஒரு ஸ்பிரிங் போட்டால் போதும் என்றேன். நாலு மாசத்துக்கு முன் ராட் போய்விட்டது என்று சொன்னவனும் நான்தான் என்பதையும் சொன்னேன். அது அவர்களுக்குத் தெரியாது. இதை ஐயாவிடம் சொல்லியாகவேண்டும் என்றேன்.

வேலாயுதத்தின் முகம் மாறிவிட்டது.

“நீங்க எங்களுக்காகத்தானே வந்தீங்க” என்றார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: “எங்கப்பாவுக்குக் களத்துல கூலி நெல்லு அளந்து போட்ட மரக்கால் எத்தனை வருஷம் குறைஞ்சிருக்கும். அத யாராச்சும் வந்து சொன்னாங்களா?”

என் தப்பு என் வாயிலிருந்து வந்தது, அதை நான்தான் திருத்தவேண்டும் என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே பலவீனமாகக் கேட்டது.

முடிவு சொன்னவர் தையல்நாயகிதான்.

“நாளைக்கு இந்த வண்டி சத்தமில்லாம ரோட்டுல போகும். பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? மேஸ்திரியக் கையில போட்டுக்கிட்டு ஏமாத்திட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. வலி எடுத்தா ஐயா தெருப் பொண்ணுங்களும் நம்ம வண்டியிலதான் ஏறணும். சொல்லிடுங்க மேஸ்திரி.”

வேலாயுதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு முன்னால் ஷெட்டைப் பார்த்து நடந்தார்.

5. குளுக்கோஸ் பாட்டில்

ராமலிங்கம் ஐயா வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த உடைந்த ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு ராடுன்ன. இன்னிக்கு வாங்கறவன் வந்து நிக்கிறப்ப பம்புங்கற. எத நம்பறது?”

“அன்னிக்குக் காதால மட்டும்தாங்க கேட்டேன். கழட்டிப் பாக்கல. தப்பு என்னுதுதான்” என்றேன்.

“தப்பா, திட்டமா?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்து அவர் நிலத்தில் ஒரு பகுதி கோர்ட்டில் இருந்த சமயம். மாசத்துக்கு ஒரு வாய்தா என்று தஞ்சாவூருக்கு அலைந்துகொண்டிருந்தார். யார் எதைச் செய்தாலும் தன் சொத்தைக் கரைக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்தார். திட்டம் போட்டுத்தான் எஞ்சின் போய்விட்டது என்று சொன்னேன் என்று அவர் ஊரில் சொல்லிவிட்டால், அந்தப் பக்கத்தில் ஒரு டிராக்டர்கூட என் ஒர்க்‌ஷாப்புக்கு வராது.

பேசிப் பயனில்லை, காட்டிவிடலாம் என்று நினைத்தேன். பம்ப் சந்தேகத்தைச் சோதிக்க என் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலும் ரப்பர் டியூபும் இருக்கும். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கொடுத்தது. பாட்டிலில் பெட்ரோலை நிரப்பி, டியூபை நேராகக் கார்பரேட்டரில் மாட்டினேன். உயரத்தில் பிடித்தால் பம்ப் இல்லாமலே பெட்ரோல் இறங்கும். தையல்நாயகி அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்தேன்.

எஞ்சின் ஓடியது. டொக் சத்தம் இல்லை. ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்கிக் காட்டினேன். ஐயா பானட்டுக்குள் குனிந்து வெகுநேரம் கேட்டார். அவர் அந்தக் காரைப் பதினோரு வருஷம் வைத்திருந்தவர். சத்தம் அவருக்குத் தெரியும்.

நிமிர்ந்து, “இன்னிக்கு விக்கல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என்னை பஸ் ஏற்றிவிட மூன்று பேரும் பஸ் ரோடுவரை நடந்தோம். வேலாயுதம் எங்களை விட்டு முன்னாலேயே நடந்தார்.

6. சாவி

அடுத்த பத்து நாளும் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஐயாவின் கணக்குப்பிள்ளை வந்து, புது ஸ்பிரிங் போட்டு பம்பை மாட்டித் தரும்படி சொன்னார். அன்றைக்கே போய் மாட்டினேன். ஐயா அந்தக் காரில் தஞ்சாவூர் வாய்தாவுக்குப் போய்த் திரும்பினார். அதற்குப் பிறகுதான் வேலாயுதத்துக்கு ஆள் அனுப்பினார். என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

விலையைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னார். நியாயமான ஏற்றம். வேலாயுதம் தையல்நாயகியைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். ஏன் விற்க மனசு வந்தது என்று ஐயா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கும்பகோணத்திலிருந்து ஒருவர் அதைவிட அதிகமாகக் கேட்டார் என்று கணக்குப்பிள்ளை பிறகு என்னிடம் சொன்னார்.

ஆர்.சி. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டபின் ஐயா சாவியை நீட்டினார். டிராக்டர் ஓட்டிய காலத்திலிருந்து வேலாயுதத்தை அவர் ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவார்.

“கார்த்தால சோக்கைப் போட்டு ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் எடுங்க” என்றார்.

புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்து ‘எடுங்க’ என்றாரா, வேலாயுதத்தை மட்டும் சொன்னாரா, எனக்குத் தெரியாது. வேலாயுதம் சாவியை வாங்கிக்கொண்டு, “சரிங்க” என்றார்.

அந்தத் தை மாசத்தில் ஊரின் முதல் பிரசவக் கேஸ் அந்தக் காரில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். முன் சீட்டில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தார். நான் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டேன். எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது வேலாயுதம் வண்டியை நிறுத்தி, பெண் குழந்தை, தாயும் நலம் என்று சொன்னார். அந்த வாய்க்கால் ஓரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் தானாக வந்து பேசியது அன்றைக்குத்தான்.

பிறகு இரண்டு தெரு ஆட்களும் பழைய வண்டி பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் நின்ற இடத்தில் காதால் கேட்டு எந்த எஞ்சினுக்கும் நான் தீர்ப்புச் சொன்னதில்லை. அவசரப்படுத்துகிறவர்களிடம், எண்ணிப் பார்க்க நேரம் வேண்டும், அதுவரை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். ‘தெரியாது’ என்று சொல்வதால் மெக்கானிக்கின் பெயர் கெட்டுவிடாது. தப்பாகச் சொல்லிவிட்டால்தான் அதைத் திருத்த அவனே போகவேண்டும், யார் முன்னால் போய் நிற்கவேண்டியிருந்தாலும்.