வட்டத்துக்குள் ஆவுடையாள்

ஆவுடையாக்காவின் குரலைக் கேட்காமல் எங்கள் ஊரில் முளைப்பாரித் திருவிழா நடந்ததே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் மட்டும் பல வருஷம் நடந்திருக்கிறது. கோயில் மைதானத்தில் பெண்கள் நாங்கள் வட்டம் கட்டிக் கும்மி கொட்டுவோம். பாட்டு கொட்டகையிலிருந்து வரும். அங்கே மைக்செட்காரரின் பெட்டிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பாடுவாள். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக அந்தக் குரல் ஊரைச் சுற்றும். “பாவம், நடக்க முடியாத புள்ளை. அதுக்கும் ஒரு எடம் குடுத்திருக்கோம்ல” என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். இடம் கொடுத்தார்களாம்! டீசல் புகையை மூக்கில் வாங்கிக்கொண்டு, தன் பாட்டுக்கு யார் எப்படி ஆடுகிறார்கள் என்றுகூடப் பார்க்க முடியாத மூலைக்குப் பெயர் இடமாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கம். அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. ரவிக்கை தைத்துத்தான் பிழைப்பு. மெஷினுக்கு மோட்டார் போட்டு, காலால் மிதிக்க வேண்டிய கட்டையை மேசை மேல் தூக்கி வைத்து முழங்கையால் அழுத்தித் தைப்பாள். கை தைத்துக்கொண்டிருக்க, வாய் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும். கண்மாய் நிரம்பினால் ஒரு கும்மிப் பாட்டு, டவுன் பஸ்ஸை நிறுத்தினால் ஒரு பாட்டு. அளவு கொடுக்கப் போனவர்களையும் விடமாட்டாள். என் இடுப்பு அளவு ஒரு பாட்டில் இருக்கிறது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

அக்காவுக்குச் சக்கர நாற்காலி வந்த வருஷம், “இந்தத் தடவை கொட்டகை வேணாம். நானும் வட்டத்துல வாரேன்” என்று சொல்லிவிட்டாள். விழாக் கமிட்டிச் செயலாளர் சுந்தரேசன் அண்ணன் உடனே தலையாட்டினார். நல்ல மனிதர்தான். திருவிழாவுக்கு மைதானத்தில் புது மணல் பரப்புவது எங்கள் ஊர் வழக்கம். ஆவுடையாள் ஆட வருகிறாள் என்ற சந்தோஷத்தில் அந்த வருஷம் கூடுதலாக ஒரு டிராக்டர் மணல் இறக்கிவிட்டார். நாற்காலிச் சக்கரம் பாதிவரை புதைந்துபோய் நின்றது.

“கல்லு முள்ளு கால்ல குத்தாம இருக்கட்டும்னுதான் தங்கச்சி” என்றார் அண்ணன்.

“யாரு கால்லண்ணே?” என்று கேட்டாள் அக்கா.

அண்ணன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். மூக்காயிப் பெரியம்மாதான் முதலில் விளக்குமாற்றை எடுத்தாள். எங்கள் வட்டத்திலேயே மூத்த ஆட்டக்காரி. அவள் எடுத்த பிறகு நாங்கள் சும்மா நிற்க முடியுமா? வட்டமாக மணலை ஒதுக்கித் தள்ளி, தண்ணீர் தெளித்து, தரையை இடித்துக் கெட்டிப்படுத்தினோம்.

அப்புறம்தான் அடுத்த சிக்கல். கும்மி என்றால் கை கொட்ட வேண்டும். கொட்டினால் நாற்காலி நின்றுவிடும். சக்கரத்தைத் தள்ளினால் கொட்ட முடியாது. “பின்னால ஒருத்தி தள்ளட்டும்க்கா” என்றேன் நான். “என் ஆட்டத்தை இன்னொருத்தி ஆடுறதுக்கு நான் எதுக்குடி வட்டத்துக்கு வரணும்?” என்றாள். ஒரு வாரம் மெஷின் முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு புது மெட்டோடு வந்தாள். அடிக்கு அடி நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் இரண்டு கைகளாலும் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளுவாள்; நாங்கள் குனிந்து தரையைத் தொடுகிற மாதிரி கைவீசி எழுவோம். அடுத்த சொல் வரும்போது எல்லாக் கையும் ஒன்றாகக் கொட்டும். முதல் நாள் நாங்கள்தான் தடுமாறினோம். அவள் தடுமாறவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் கும்மி என்றாலே அதுதான். பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள்.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, இந்த வருஷம் புதுக்கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் அறக்கட்டளை நடத்தும் கலைவிழா. தலைப்பே ‘அனைவருக்கும் கலை’. சுந்தரேசன் அண்ணன் அழைப்போடு அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“தங்கச்சி, ஒனக்கு எதுக்கு அலைச்சல்? இங்கயே பாடிக் குடுத்துரு. பென் டிரைவுல போட்டுக்கிறோம். இவங்க போயி ஆடிட்டு வந்துருவாங்க.”

அவர் வாயிலிருந்து இது வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டு அவளுடையது. மெட்டு அவளுடையது. அந்த இடைவெளியே அவள் கைக்காக வந்தது. அவளை வீட்டில் வைத்துவிட்டு நாங்கள் போய், எதற்கென்றே தெரியாமல் குனிந்து எழுந்துவிட்டு வர வேண்டுமாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்றால் இதுதான்.

“எனக்கு அலைச்சல்னு யாருண்ணே சொன்னா?” என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. “திரும்ப அந்தக் கொட்டகைக்குப் போகமாட்டேன். பென் டிரைவும் கொட்டகைதான். நான் வந்தா பாட்டு வரும். இல்லைன்னா இல்லை.”

அவள் இல்லாமல் வேனில் ஏறமாட்டோம் என்று நாங்களும் சொல்லிவிட்டோம். அண்ணனுக்கு வேறு வழி இல்லை. நாற்காலியை மடித்து வேனில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

விழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சக்கர நாற்காலி படம் போட்ட பெரிய பேனர் மேடைக்குப் பின்னால் தொங்கியது. மேடைக்கு ஏறப் படிகள் மட்டும்தான். அதுவும் ஆள் முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொரு படி, பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லை. ‘அனைவருக்கும்’ என்று அச்சடிக்கக் காசு இருந்தது. ஒரு சாய்வுப் பலகை போடத் தோன்றவில்லை. விழாவை நடத்திக்கொண்டிருந்த பட்டு ஜிப்பாக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஒண்ணும் பிரச்சனை இல்லை மேடம். நாலு பேரு சேந்து சேரோட தூக்கிருவோம்.”

“நாலு பேரு சேந்து என்னைத் தூக்குற அன்னைக்கு நான் பாடமாட்டேன் சார்” என்றாள் அக்கா.

ஜிப்பாக்காரர் முகம் சுருங்கியது. “அப்ப நீங்க கீழ இருந்து மைக்குல பாடுங்க. இவங்க மேல ஆடட்டும். நேரமாகுதுல்ல?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவள் வந்து நிற்கிறாள், கூடம் நிஜமாகவே கோணல். ஆனால் நேரத்தை வீணாக்குகிறவள் அவளாம்! நான் வாயைத் திறப்பதற்குள் மூக்காயிப் பெரியம்மா முந்திக்கொண்டாள். “மேடையை நீங்களே வச்சுக்கங்க. எங்களுக்குத் தரை போதும். அந்தச் சோபாவையெல்லாம் அங்கிட்டு இழுங்கடி.”

இழுத்தோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முக்கியஸ்தர்கள் எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது. ஜிப்பாக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். காலர் மைக்கை அக்காவின் சேலையில் குத்திவிட்டேன். வட்டம் கட்டினோம். அவள் முதல் அடியை எடுத்தாள், கை கொட்டினாள், சக்கரத்தைத் தள்ளினாள். டைல்ஸ் தரையில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் மைதானத்தில்கூட அவள் அவ்வளவு வேகம் போனதில்லை. பின்வரிசைக்காரர்கள் தெரியவில்லை என்று நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். மேடையில் இருந்த சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, எழுந்து விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். என் தோள் வலித்தது. எனக்கு நிறுத்த மனமே இல்லை.

முடிந்ததும் மேடையிலிருந்து அறிவிப்பு வந்தது. “நினைவுப் பரிசைப் பெற்றுக்கொள்ள, குழுத் தலைவர் மேடைக்கு வரவும்.”

பழக்கதோஷம், சுந்தரேசன் அண்ணன் படியை நோக்கி நடந்தார். மூக்காயிப் பெரியம்மா அவர் துண்டின் முனையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். வந்து எங்களோடு நின்றுகொண்டார்.

“குழுத் தலைவர் உடனே மேடைக்கு வரவும்.”

அக்காவின் சேலையில் காலர் மைக் அப்படியே இருந்தது. அவள் நிதானமாகப் பேசியது மண்டபம் முழுவதும் கேட்டது. “நான்தாங்க குழுத் தலைவி. ஊருலேருந்து இம்புட்டுத் தூரம் வந்துட்டேன். மிச்சத்தை நீங்க வாங்க.”

ஜிப்பாக்காரர் மேடையேறி அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி அதைக் கேட்டுக்கொள்ளாமல் பரிசை ஒரு கையிலும் பொன்னாடையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு படிக்கு வந்தார். கீழே பார்த்தார். ஒரு காலை இறக்கினார். அடுத்த படி காலுக்கு எட்டவில்லை. பிடிமானம் தேடி அவர் முழங்கை சுவரைத் தடவியது.

“பாத்து எறங்குங்கய்யா” என்றாள் அக்கா, மைக்கில். “புடிச்சுக்க அங்க ஒண்ணுமே வைக்கலை.”