காதில் விழாத ‘ங்க’

எங்கள் வைக்கோல் கட்டும் மிஷினுக்குள் ஆறு பெல்ட்கள் ஓடும். வயலில் கிடக்கிற வைக்கோலை உள்ளே வாங்கிச் சுருட்டி, உருளைக் கட்டாக்கி வெளியே தள்ளுவது அவைதான். இந்தக் கார் பருவ நெல் அறுப்பு தொடங்கும்போதே ஆறும் தேய்ந்து ஓரம் நைந்திருந்தன. மாற்றிவிட்டு வயலில் இறங்கலாம் என்றேன். இன்னும் நாலு வயல் தாங்கும் என்றார் என் வீட்டுக்காரர். இலத்தூர் அண்ணாச்சி ஒருவரின் வயலில் பாதி கட்டியபோது இரண்டு பெல்ட்கள் அறுந்தன. நான் சொன்னது பலித்ததில் எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. அதை மறைப்பானேன்.

அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. மேற்கே குற்றாலத்து மலை மேகத்துக்குள் மறைந்துவிட்டிருந்தது. மலை மறைந்தால் அரை மணியில் இங்கே சாரல் விழும். அண்ணாச்சிக்கு மாடுகள்தான் பிழைப்பு. நனைந்த வைக்கோல் பூஞ்சை பிடித்துவிட்டால் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. அவர் வானத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக வரப்பில் நடந்துகொண்டிருந்தார். நல்லவேளையாகப் புது பெல்ட்களை வாங்கி டிராக்டரிலேயே கட்டிவைத்திருந்தேன். ஆனால் பழசும் புதுசும் கலந்தால் நீளம் ஒத்துவராது. ஆறையும் மாற்றியாக வேண்டும்.

பழைய பெல்ட்டின் நுனியில் புதியதைக் கட்டி உருளைகளைச் சுற்றினால், போன வழியிலேயே புதியது உள்ளே போய்விடும். பிறகு அதன் இரு நுனிகளிலும் இருக்கிற கொக்கிகளைக் கோத்து, நடுவே ஒரு கம்பியைச் செருக வேண்டும். எப்போதும் டிராக்டரை அணைத்துவிட்டுக் கையால்தான் சுற்றுவோம். அன்று, நேரமில்லை, என்ஜினை ஓடவிட்டு நான் சுற்றித் தருகிறேன் என்று சொன்னது நான்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் யோசித்தார். சீசன் மாதங்களில் குற்றாலத்தில், அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கைகளால்தான். அதற்குள் நான் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் பேசிவைத்துக்கொண்டோம். ‘எடு’ என்றால் நான் கிளட்ச்சை விட வேண்டும், உருளைகள் சுற்றும்; ‘நிப்பாட்டு’ என்றால் மிதிக்க வேண்டும், நின்றுவிடும். வண்டியை எடு என்பதுதானே ஊர்ப்பேச்சு.

நாலு பெல்ட்கள் ஏறின. ஐந்தாவதன் நுனிகளைச் சேர்த்துப் பிடிக்க, அவர் முழங்கை வரை இரு கைகளையும் உள்ளே விட்டிருந்தார். பக்கத்தில் அண்ணாச்சி கம்பிகளை வைத்துக்கொண்டு நின்றார். காற்று எழுந்தது. என் நெற்றியில் முதல் துளி விழுந்தது. நான் மலையைப் பார்த்தபடி இருந்தேன்.

“எடு” என்று கேட்டது. கிளட்ச்சை விட்டேன்.

விட்டுவிட்டுத்தான் திரும்பினேன். அண்ணாச்சி குனிந்து, அறுத்த நெல்தாளுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் இவர் ஏன் குனிகிறார் என்று தோன்றியபோதே என் கால் கிளட்ச்சை மிதித்துவிட்டது. என்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தேன்.

கம்பி கீழே விழுந்திருந்தது. “எடுங்க” என்று அவர் சொன்னது அண்ணாச்சியிடம். ‘ங்க’வைக் காற்றும் என்ஜினும் விழுங்கிவிட்டன. கம்பி செருகாததால் பெல்ட் அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிட்டது. செருகியிருந்தால் கைகளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அவர் வரப்பில் உட்கார்ந்தார். இடது உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பத்தும் அசைந்தன.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “யாரு ஒன்ன எடுக்கச் சொன்னா?”

திரும்பிப் பார்க்காமல் விட்டது என் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “அவ மேல தப்பில்ல அண்ணாச்சி. நாந்தான் ஒங்களப் போயி மரியாத இல்லாம எடுன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்க.”

குடித்துவிட்டு வந்து அதட்டுகிற ஆளிடம்கூட “திரும்பிப் படுங்க” என்று சொல்லித் தேய்த்துவிடுகிறவர் அவர். கல்யாணமான நாள்முதல், மூத்தவர் ஒருவரிடம் ‘ங்க’ போடாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அண்ணாச்சியும் கேட்டிருக்க மாட்டார்.

சாரல் இறங்கிவிட்டது. கட்டாத வைக்கோல் நனைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கம்பியை என்னிடம் நீட்டிவிட்டு, உருளையைக் கையால் சுற்றப் போனார். நான் டிராக்டர் சாவியை என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மிஷினுக்குள் என் கைகளை விட்டேன்.