ஹம்தம் கடித்த ரொட்டி

எங்கள் பட்டறையில் ஒருத்தர் கத்தரிக்கோலை இன்னொருத்தர் தொட்டால் சண்டைதான். நானே ஒருமுறை ஹம்தமின் கத்தரியால் காகிதம் வெட்டிவிட்டு அவனிடம் அரை நாள் பேச்சு வாங்கியிருக்கிறேன். மற்றபடி அவன் வாயே திறக்க மாட்டான். தாஷ்கந்தின் கல்யாண மண்டபங்களுக்குத் திரைச்சீலை தைக்கிற கூட்டம் நாங்கள். அவன் மெஷின் என் மெஷினுக்குப் பக்கத்தில்.

தூரத்தில் இருக்கிற நமங்கான் ஊர்ப் பக்கத்துப் பையன். அங்கிருந்து புறப்படும்போது, ராணுவத்துக்கும் ரஷ்யாவுக்கும் போகிற பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி, அவன் அம்மா முழு ரொட்டி ஒன்றை நீட்டி ஒரு கடி கடிக்கச் சொல்லி, மீதியை அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டாள். அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் போன் போடுவான்.

"ரொட்டிய எலி தின்னுடுச்சாம்மா?"

"தின்னா அதுக்குப் பல்லு போயிடும். நீ வந்து தின்னு, உனக்குப் போகட்டும்."

நாள் முழுக்க அவன் சிரிப்பது அந்த ஒரு தடவைதான். பிறகு வேலை, வாடகை அறை, ஒற்றைத் தட்டு, ஒற்றைக் கோப்பை.

பட்டறைப் பெண்கள் சும்மா விடுவார்களா? "ஹம்தம், உன் கல்யாணப் புலாவ் எப்பப்பா? நாங்க கிழவியாகுறதுக்குள்ள போட்டுடு." அவன் துணியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். அவனுக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவன் சொல்லவில்லை, நானாகக் கண்டுகொண்டேன். நானும் லோலா என்கிற பெண்ணும் ஜோடியாக வாழ்கிறோம். வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு நாங்கள் பெரியம்மா சின்னம்மா மக்கள். பொய் சொல்லிப் பிழைக்கிறவளுக்கு இன்னொரு பொய்க்காரனைத் தெரியாதா? எங்கள் நாட்டில் ஆணோடு ஆண் என்றால் ஜெயில்கூட உண்டு. யாரோடாவது உட்கார்ந்து டீ குடிக்கவே பயப்படுவான். பயப்படாதே என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அந்த வசந்தத்தில் எந்தப் புண்ணியவானோ அவன் ஒரு பையனோடு நெருக்கமாக இருக்கிற போட்டோவை அவன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டான். அண்ணன் போனில் கத்தியது என் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "அம்மா இனி உங்கூடப் பேச மாட்டா. உன் ரொட்டிய ஊறவெச்சு கோழிக்குப் போட்டாச்சு. அப்பா சொல்லிட்டாரு, இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத!"

ஹம்தம் போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற மடிப்பைத் தைத்து முடித்தான். அடுத்த சில நாட்கள் எல்லாரிடமும் அதிசயமாகக் கலகலவென்று பேசினான். "பொண்ணு பாத்துட்டாங்கடி" என்றார்கள் பெண்கள். நானும் மடச்சி, தேறிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் எல்லாரும் போனபின், தன் கத்தரியைத் துணியில் சுற்றி என் மேசையில் வைத்தான்.

"நீங்க வெச்சுக்கோங்கக்கா."

"எனக்கெதுக்கு? உனக்கு?"

"எனக்கு இனிமே தேவைப்படாது."

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "ஹம்தம், செத்துப்போயிடணும்னு நினைக்கிறியா?"

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்பார்கள். மண்ணாங்கட்டி. எண்ணம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

"ஆமாக்கா," என்றான். "அங்க எனக்குன்னு ஒண்ணு தொங்குதுன்னுதான் இத்தன நாள் இருந்தேன்."

"இன்னிக்கு உன்னத் தனியா விடமாட்டேன். எங்கூட வா. திட்டணும்னா நடந்துக்கிட்டே திட்டு."

லோலா ஒரு கேள்வி கேட்கவில்லை. கொழுக்கட்டைக்கு இன்னும் கொஞ்சம் மாவு பிசைந்தாள். மறுநாள், பேச்சை வெளியே விடாத ஒரு டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போனோம். மாத்திரை, பேச்சு, மறுபடியும் பேச்சு. எங்கள் சமையலறையில்தான் அவனுக்குப் படுக்கை. சரியாகிவிட்டான் என்று கதை விட மாட்டேன். சில நாள் தட்டை வெறித்தபடியே இருப்பான். நான் எரிந்து விழுவேன். அப்புறம் எனக்கே அழுகை வரும்.

டாக்டரம்மாவிடம் அவன் முதல்முறை தனியாகப் போன அன்று, வாசலில் மறித்து ஒரு ரொட்டியை நீட்டினேன்.

"கடி."

"நாலு தெரு தள்ளிப் போறதுக்கா? ரஷ்யாவுக்கா அனுப்புறீங்க?"

"கடிடா. சாயங்காலம் வந்து மீதியத் தின்னு."

கடித்தான். மீதியைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். அன்று முழுக்க அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வந்து தின்றான்.

பட்டறைக்கும் திரும்பினான். ஆனால் பொதுக் கத்தரியால்தான் வெட்டினான். என்னிடமிருந்த தன் கத்தரியை அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

கோடை முடிகிற சமயம், நமங்கானுக்கும் தாஷ்கந்துக்கும் டாக்ஸி ஓட்டுகிற, அவன் ஊர்க்காரரான துர்தலி அண்ணன் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் பூப்போட்ட துணி முடிச்சு.

"உங்கம்மா குடுத்தா. கோழிக்குப் போட்டது வேற ரொட்டியாம். இத மாவு மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாளாம்." முடிச்சை அவன் கையில் வைத்தார். "உங்கப்பா மனசு மாறல. இப்போதைக்கு வீட்டுக்கு வர வழியில்லப்பா. அங்கேயே தின்னுடச் சொல்லுன்னு அழுதா."

முடிச்சை அவிழ்த்தான். கல்லாகிப்போன ரொட்டி, ஓரத்தில் அவன் பல் தடம். அதையும் தின்று தீர்த்துவிட்டால் அவனுக்காக அந்த வீட்டில் எதுவும் காத்திருக்காது. தின்னாதேடா என்று சொல்லப் போனேன்.

என் கையிலிருந்த டீக் கோப்பையை வாங்கி, ரொட்டியின் ஓரத்தை முக்கினான். ஊறும்வரை பொறுமையாக நின்றான். பழைய கடிக்குப் பக்கத்தில் இன்னொரு கடி கடித்தான். மென்று விழுங்கிவிட்டு, மீதியை அதே துணியில் முடிந்து துர்தலி அண்ணனிடம் நீட்டினான்.

"அம்மாட்டயே திருப்பிக் குடுத்துடுங்கண்ணே. ஆணியில மாட்ட முடியலன்னா மூட்டைக்குள்ளயே இருக்கட்டும். எலி தின்னா பல்லு போயிடும்னு சொல்லுங்க. நான் வருவேன்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினான்.

"அக்கா, என் கத்தரியக் குடுங்க."