ஓட்டை இல்லாத ஸ்டூல்

ஒரே வீட்டில் ஓர்ப்படிகள் இருவர் இருந்தாலே புகைச்சல்தான். ஒரே கம்பெனியில் ஒரே வேலையும் பார்த்தால் கேட்கவா வேண்டும்?

மூத்தவள் பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் டிசைனர். வாளி, மக்கு, சோப்பு டப்பா என்று ஊரார் குளியலறையில் பாதி அவள் கைவண்ணம். கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு வந்த இளையவளும் அதே படிப்பு. "சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போற? நான் சொல்லி வேலை வாங்கித் தர்றேன்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டதும் சாட்சாத் மூத்தவள்தான். யாரை நொந்துகொள்வது?

இளையவள் வந்ததும் செய்த முதல் காரியம், பழைய மாதிரிகள் அடைந்து கிடந்த பின்னறையைத் திறந்து தூசி தட்டியது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வார்த்த ஸ்டூல், குடம், நாற்காலி எல்லாம் அங்கே கிடந்தன. சாப்பாட்டு நேரத்திலும் அதற்குள்தான் இருப்பாள்.

"குப்பையக் கிளறிட்டு இருக்கா. புதுசா யோசிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் பழசு வேணும்" என்று மூத்தவள் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவைத்தாள். ஆனால் அந்தக் குப்பையைப் பார்க்க முதலாளி தானே எழுந்து போனார். மூத்தவளின் மேஜைக்கு அவர் ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை. வீட்டிலோ மாமியார், சின்னவள் போட்ட காபியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அப்போதுதான் தலைமை டிசைனர் ஓய்வு பெற்றார். "புது ஸ்டூல் நல்லா வந்துச்சுன்னா அந்த இடம் உனக்குத்தாம்மா" என்று முதலாளி மூத்தவளிடம் சொன்னார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூல் என்றாலே உட்காரும் இடத்தின் நடுவில் ஒரு ஓட்டை இருக்குமே, அசிங்கம் என்று அதை எடுத்தெறிந்தாள். மேல்பக்கம் வழவழவென்று வந்தது.

இளையவள் எட்டிப் பார்த்தாள். "அழகா இருக்குக்கா. ஆனா அந்த ஓட்டைய எடுத்துடாதீங்க. நம்ம கம்பெனி முதல்ல போட்ட ஸ்டூல்ல..."

"ஏன், உனக்கு வயித்தெரிச்சலா?" என்று மூத்தவள் வெட்டினாள். தன் நோய் அடுத்தவளுக்கும் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை!

கடைக்காரர்களை வரவழைத்துக் காட்டிய அன்று புது ஸ்டூல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. முதலாளி மேலே இருந்ததைத் தூக்கினார். மொத்த அடுக்கும் கூடவே எழுந்தது. உலுக்கிப் பார்த்தார். இரண்டு பேர் கீழே பிடித்து இழுத்தார்கள். ஓட்டை இல்லாததால் இடையில் காற்றுப் புக வழியில்லை. ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வர மாட்டேன் என்றன. கடைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

முதலாளி இளையவள் பக்கம் திரும்பினார். "முதல்ல போட்ட ஸ்டூலும் இப்படித்தான் மானத்த வாங்குச்சு. எனக்குத்தான் மறந்து போச்சு. பின்னறையிலயே குடியிருந்தியே, உனக்குத் தெரியாதா? சொல்லித் தொலைச்சா என்ன?"

இளையவள் மூத்தவளைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் திட்டு வாங்குவதைப் பார்க்க மூத்தவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! இதோ கண்ணெதிரே நடக்கிறது. துளியும் இனிக்கவில்லை.

"அவ சொன்னா சார்" என்றாள். "பொறாமையில நான்தான் காதுல வாங்கல."

தலைமைப் பதவி இளையவளுக்குப் போனது. மூத்தவளுக்குக் கிடைத்தது ஸ்டூலைத் திருத்தும் வேலை.

"ஓட்டைதானே, போட்டுடறேன். ஆனா எல்லாரும் போடற வட்டம் வேணாம். சதுரமா போடறேன்" என்றாள் வீம்பாக.

இளையவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

"நீ ஒண்ணும் சொல்லாத! நானே போய்ப் பாத்துக்கறேன்."

விறுவிறுவென்று பின்னறைக்குப் போய்த் துழாவினாள். இருந்தது, சதுர ஓட்டை ஸ்டூல். நாலு மூலையிலிருந்தும் விரிசல் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு வந்தது வட்ட ஓட்டை. ஒரு கீறல் இல்லை. உட்காருபவரின் பாரமெல்லாம் மூலையில் போய்க் குவிந்திருக்கிறது, வட்டத்துக்கு ஏது மூலை? யாரோ தன்னைப்போலவே மூக்குடைபட்டுத்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

இத்தனை நாளும் இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து அனுபவித்திருக்கிறாளே பாவி என்று நினைத்தபோது, மூத்தவளுக்கு முன்னைவிட அதிகமாக வயிறு எரிந்தது.