ஊரே வெளியே போயிருந்த மத்தியானம்

ஆளே இல்லாத தெருவில் வெயில் அடிக்கும்போது ஒரு வாசனை வரும். சூடேறிய புழுதியும், தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்புச் சாம்பலும் கலந்த வாசனை. குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அதை முகர்ந்திருக்கிறேன்...

அப்போது எனக்கு முதல் வேலை, திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில். வெளிநாட்டிலிருந்து வரும் வாலன்டியர்களுக்கு மொழிபெயர்ப்பதும் கூடவே தங்குவதும் என் பொறுப்பு. அப்படி வந்தவள் இங்க்ரிட், நார்வேக்காரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் தங்கியது பாக்கியம் அக்கா வீட்டில்.

லீவு வந்தால் இங்க்ரிட்டுக்குக் கால் நிற்காது. மலைக்கோட்டை, சிறுமலை, பழனி, தாடிக்கொம்புச் சிற்பங்கள்... "இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போகவா?" என்பாள். நியாயம்தான். அக்கா சோறும் வெஞ்சனமும் ஆக்கி வைத்துக் காத்திருப்பார். நாங்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து நிற்போம்.

"இந்தப் புள்ள பாக்க வந்துச்சா, பழக வந்துச்சா?" என்று ஒருநாள் கேட்டார். கோபமாக இல்லை. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மழை பொய்த்த வருடங்களில் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. 'ஊர் விடுறது' என்பார்கள். விடியும் முன்னே எல்லோரும் ஆடு, மாடு, கோழியோடு எல்லையைத் தாண்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்து, கதவைத் திறந்தே போட்டுவிட வேண்டும். விளக்கு வைக்கும் நேரம் வரை யாரும் திரும்பக் கூடாது.

"அன்னைக்கு ஒரு நா ஊரு நமக்கு முன்னால இருந்தவுகளுக்கு. வந்து இருந்துட்டுப் போவாக," என்றார் அக்கா. "நீங்களும் ஊருக்கு வெளிய, கம்மாய்க்கரைக்கு வாங்க. எல்லாருமாப் பொங்கித் திங்கலாம்."

இங்க்ரிட் அன்றைக்குக் கொடைக்கானல் போக முடிவு செய்திருந்தாள்.

போனோம். வத்தலக்குண்டு வருவதற்குள் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலரை வீட்டிலேயே விட்டுவிட்டாள். மருந்துக்கடையில் அந்த இன்ஹேலர் இல்லை; கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. திரும்பினோம்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் அப்படியே திறந்து கிடந்தது. நாய்கூட இல்லை. ஒவ்வொரு வாசலிலிருந்தும் கொல்லைப்புறம் வரை தெரிந்தது. நான் எல்லையில் தயங்கினேன். அவள் நெஞ்சு விசிலடித்தது. வேறு வழியில்லை.

அக்கா வீட்டு வாசலோடு நான் நின்றுவிட்டேன். அவள் மட்டும் உள்ளே போனாள்.

சிறிது நேரத்தில் அவள் குரல் கேட்டது. தமிழில்.

"சாப்டேன்."

அமைதி.

"ஆமா... சாப்டேன்."

மறுபடியும் அமைதி.

"வாரேன்."

அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். அவளிடம் யாரும் கேட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தவளுக்கு மூச்சு சீராகியிருந்தது. "எல்லோரும் போய்விட்டார்கள் என்றாயே... அடுப்படியில் ஓர் அம்மா இருக்கிறாரே?" என்றாள்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கம்மாய்க்கரைக்கு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் பயந்தது தெரிந்துவிடும் என்று தோன்றியது.

நான் சொன்னதைக் கேட்டதும் அக்கா எழுந்து கூட்டத்தைக் கண்ணால் அளந்தார். ஊரில் யாரும் குறையவில்லை.

"என்ன கேட்டாகளாம்?"

"சாப்டியான்னு, அக்கா."

"இவ?"

"சாப்டேன்னு சொன்னா. கெளம்பும்போது வாரேன்னும் சொன்னா."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "வாரேன்னு சொன்னா வரணும்ல," என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்காவே இங்க்ரிட்டின் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிப் போனார். அவள் கையாலேயே இலையில் சோறு வைக்கச் சொன்னார். "வந்துட்டேன்னு சொல்லச் சொல்லு."

சொன்னாள். அதன் பிறகு உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. இங்க்ரிட் மட்டும் யாருக்கோ தலையாட்டினாள்.

பிறகு கொடைக்கானலும் போனோம். இந்த முறை அக்காவையும் அழைத்துக்கொண்டு. அவரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து மக்காச்சோளம் தின்றார்கள். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவே இல்லை.

போன மாதம் அந்த ஊர் வழியாகப் போனேன். அக்கா இப்போது மகனோடு திருப்பூரில். காலையிலேயே மில் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஊர் விடும் வழக்கம் நின்றுவிட்டது. ஆனால் மத்தியானத்தில் தெரு தினமும் காலிதான். ஒவ்வொரு கதவிலும் பூட்டு.

முன்னால் இருந்தவர்கள் வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று யோசித்தேன்...

யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. பதில் வந்தால் திறந்துவிட என்னிடம் எந்தச் சாவியும் இல்லை.